பலமான கடிதம் எழுத முடியுமா?

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பதினொரு நாட்கள் ஆயின. 2018ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நடுத்தர நகரத்து மருத்துவமனையில், பொது மருத்துவப் பிரிவின் புறநோயாளர் கிளினிக்கில் அப்சர்வராக, அதாவது உடனிருந்து பார்த்துக் கற்பவராக, இருந்தேன். இன்று கேட்டுவிட வேண்டும் என்று காலையில் முடிவு செய்துகொண்டு போவேன். மாலையில் கேட்காமலேயே அறைக்குத் திரும்புவேன். ரெசிடென்சி எனப்படும் அமெரிக்க மருத்துவ மேற்பயிற்சிக்கான விண்ணப்பத்துக்கு எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தர முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதினொன்றாம் நாள் கேட்டேன். அந்த மேற்பார்வை மருத்துவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்த விதத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் இளம் மருத்துவர்கள் அதே கேள்வியோடு இப்போது என் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நான் கேட்டதைப் போலவே, அதாவது தவறாகவே, கேட்கிறார்கள்.

நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு மேற்படிப்பு என்பது ஒரு தேர்வும் ஒரு தரவரிசையும்தான். நீட்-பி.ஜி. எழுதுகிறோம், ரேங்க் வருகிறது, கலந்தாய்வில் கிடைக்கிற துறையைக் கிடைக்கிற ஊரில் எடுத்துக்கொள்கிறோம். ஓராண்டு சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாய மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்து வார்டைப் பார்த்துக்கொண்டவரும், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தவரும் அந்தக் கலந்தாய்வில் ஒன்றுதான். யூனிட் சீஃப் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. ஆகவே, ஆசிரியரிடம் போய் "என்னைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்கும் பழக்கமே நமக்கு உருவாகவில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். அதில் பெயருக்கு விடப்பட்ட கோட்டைத் தவிர மற்றதெல்லாம் முன்பே அச்சாகியிருக்கும்.

அமெரிக்காவில் முறை வேறு. மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் மின்னணு விண்ணப்ப முறையை எல்லோரும் ஈராஸ் என்றே அழைக்கிறார்கள். அதன் வழியாக ஒருவர் பல மருத்துவமனைகளின் பயிற்சித் திட்டங்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கிறார். ஒவ்வொரு திட்டத்துக்கும் அதிகபட்சம் 4 பரிந்துரைக் கடிதங்களை இணைக்கலாம். விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். பிறகு விண்ணப்பதாரர்களும் திட்டங்களும் தங்கள் விருப்ப வரிசையைத் தனித்தனியாகக் கொடுக்க, மார்ச் மாத மூன்றாம் வெள்ளிக்கிழமை யார் எங்கே என்ற முடிவு வருகிறது. அதைத்தான் மேட்ச் என்கிறோம். நான் விண்ணப்பித்த காலத்தில், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு மூன்று இலக்க மதிப்பெண் இருந்தது. 2022 ஜனவரி முதல் அது தேர்ச்சியா இல்லையா என்று மட்டுமே சொல்லும் தேர்வாகிவிட்டது. ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்துக் காட்டிய ஓர் எண் போய்விட்டதால், நேரில் பார்த்த ஒருவர் எழுதும் இரண்டு பக்கத்தின் எடை கூடியிருக்கிறது என்பது, விண்ணப்பங்களைப் படிக்கும் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் என் கருத்து.

முதல் கடிதத்தை நான் ஊரிலேயே வாங்கிவிட்டேன். அரசு மருத்துவமனையில் எங்கள் யூனிட் சீஃப்பிடம் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, புறநோயாளர் வரிசை வாசல் வரை நின்றுகொண்டிருந்தது. "நீயே எழுதிட்டு வாம்மா, பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் பேட்ச்சில் எனக்கு முன்னால் விண்ணப்பித்த ஒருவரிடம் மாதிரி ஒன்று வாங்கி, பெயரை மாற்றி, இரவு உட்கார்ந்து மெருகேற்றினேன். கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர், நோயாளிகளிடம் கருணை மிக்கவர் என்று என்னைப் பற்றி நானே எழுதினேன். சார் ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

அந்தக் காகிதம் சில வாரங்கள் என் கோப்பில் இருந்தது. எடுத்து வாசிக்கும்போதெல்லாம் மனம் கூசியது. அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் சாட்சி இல்லை. என் பெயரை எடுத்துவிட்டு அந்த ஆண்டு சி.ஆர்.ஆர்.ஐ. முடித்த எவருடைய பெயரையும் அங்கே போட்டுவிடலாம், அப்போதும் அது பொருந்தும். மேலும், ஈராஸ் முறையில் கடிதத்தை எழுதியவரோ அவர் நியமிக்கும் அலுவலகத்தவரோதான் அதற்கென உள்ள இணையவாயிலில் நேரடியாக ஏற்ற வேண்டும். விண்ணப்பதாரர் ஏற்ற முடியாது. எழுதுபவர் தம் கருத்தைத் தாமே எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. நானே எழுதி, நானே அவர் பெயரில் மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, நானே ஏற்றிவிடலாம் என்று வழி சொன்னவர்களும் இருந்தார்கள். அது மோசடி. விண்ணப்பத்தையும், அதற்குப் பின் வரும் வாழ்க்கையையும் சேர்த்து அழிக்கக்கூடிய மோசடி. அந்த யோசனையோடு யாராவது வந்தால் அங்கிருந்து எழுந்து போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இதில் யூனிட் சீஃப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளில் நூற்றுக்கு மேல் நோயாளிகளைப் பார்க்கும் ஒருவரிடம், அவர் பயின்ற காலத்தில் யாரும் அவருக்கு எழுதித் தராத ஒன்றை, எப்படி எழுதுவது என்று சொல்லாமல் கேட்டது நான். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன் மறுபடியும் அவரிடம் போனேன். இந்த முறை நேரம் கேட்டு, ஓ.பி. முடிந்த பிறகு போனேன். கையெழுத்தான கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சார், இதுல நான் சொன்னதுதான் இருக்கு, நீங்க பார்த்தது இல்ல" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. கோபப்படுவார் என்று பயந்தேன். பிறகு, "அந்த எலி மருந்து கேஸ்ல நீ மூணு நாள் வீட்டுக்குப் போகல, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார். இருபது நிமிடம் பேசினார். நான் மறந்தே போயிருந்த ஒரு இரவை, ரத்தம் கிடைக்காமல் ஒரு தாயின் உறவினர்களோடு நான் பேசிக்கொண்டிருந்த இரவை, அவர் தூரத்திலிருந்து கவனித்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல அவருடைய உதவிப் பேராசிரியர் ஒருவர் குறிப்பெடுத்து, அதை சாரே கடிதமாக்கி, பின்னர் சாரே ஏற்றினார். எங்கள் பேராசிரியர்களுக்கு எங்களைத் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தது எவ்வளவு தவறு என்று அன்று தெரிந்தது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இருந்தாலும், ஊரில் இருந்து வரும் கடிதம் மட்டும் போதாது. அமெரிக்க மருத்துவமனையின் சூழலில் நம்மைப் பார்த்த ஒருவரின் சொல்லையும் திட்டங்கள் எதிர்பார்க்கின்றன. அதற்காகத்தான் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் கையில் உள்ள சேமிப்பையெல்லாம் செலவழித்து அங்கே வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் இருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்னும் மாணவராக இருப்பவர் எலெக்டிவ் என்ற பெயரில் வந்தால் நோயாளியைப் பரிசோதிக்கலாம், கோப்பில் குறிப்பு எழுதலாம். பட்டம் பெற்ற பிறகு வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அப்சர்வர்ஷிப். அனுமதியோடு நோயாளியிடம் பேசலாம். தொட்டுப் பரிசோதிக்க முடியாது. கணினியில் ஒரு வரி எழுத முடியாது. கை கட்டி நிற்கும் ஒருவரைப் பற்றி மேற்பார்வையாளர் எதைப் பார்த்து எழுதுவார்?

முதல் மாதம் கிளினிக்கில் நான் செய்தது இதுதான்: நேரத்துக்குப் போனேன், பணிவாக நின்றேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைக்கு அதுவே சிறந்த நடத்தை என்று தோன்றியது. பதினொன்றாம் நாள் மாலை, கடைசி நோயாளி போன பிறகு, முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, உங்களுக்கு நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும் என்று நடுவில் சொல்லி, எந்தக் கடிதமாக இருந்தாலும் போதும், சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று முடித்தேன். கைமாற்று கேட்பவர் பேசும் பேச்சு அது.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, என்னையும் உட்காரச் சொன்னார். "உங்களை ஏழெட்டு நாட்கள்தான் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வருகிறீர்கள், மரியாதையாக நடந்துகொள்கிறீர்கள். என்னால் உண்மையாக எழுத முடிந்தது அவ்வளவுதான். அப்படி ஒரு கடிதத்தைப் படிப்பவர்கள், இவரைப் பற்றிச் சொல்ல இவரிடம் வேறு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்றே புரிந்துகொள்வார்கள். அது உங்களுக்குக் கெடுதல். அடுத்த மாதம் வார்டில் இருக்கப் போகிறீர்கள், அங்கே தினமும் ஒரு கேஸாவது பிரசண்ட் செய்ய, அதாவது ஒரு நோயாளியைப் பற்றிக் குழுவின் முன் எடுத்துச் சொல்ல, அனுமதி கேளுங்கள்" என்றார். அன்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது அழுதேன். மறுத்தவர்தான் அந்த ஆண்டு எனக்கு மிகப் பெரிய உதவி செய்தவர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வேண்டாவெறுப்பாக அவர் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த நான்கு வரிக் கடிதத்தை நான் இணைத்திருப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வழி இருந்திருக்காது.

தெரிந்துகொள்ள வழி இருந்திருக்காது என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம். மாணவர் தம்மைப் பற்றிய கல்வி ஆவணங்களைப் பார்க்கலாம் என்று 1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உரிமை கொடுக்கிறது. ஈராஸில் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவு தொடங்கும்போது, அந்த உரிமையைக் கைவிடுகிறீர்களா என்ற கேள்வி வரும். நம் பதில், கடிதம் எழுதுபவருக்கு நாம் கொடுக்கும் கோரிக்கைப் படிவத்திலேயே அச்சாகும். இது தெரியாமல், "நான் ஏன் உரிமையைக் கைவிட வேண்டும்?" என்று நினைப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விண்ணப்பதாரர் படிக்கப் போகிறார் என்று தெரிந்து எழுதப்படும் கடிதத்தில் எழுதுபவர் கொஞ்சம் தயங்குவார், படிப்பவரும் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிப்பார். ஏறக்குறைய எல்லோரும் கைவிடுகிறார்கள், நானும் கைவிட்டேன். இதனால்தான் கேட்கும் அந்த ஒரு நிமிடம் இவ்வளவு முக்கியமாகிறது. கடிதத்தில் என்ன இருக்கும் என்பதை அறிய நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு, எழுதுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பதுதான்.

ஜூன் மாதம் வார்டுக்குப் போனேன். அங்கே மேற்பார்வையாளர் ஒரு பெண் மருத்துவர். முதல் நாளே, தினமும் ஒரு நோயாளியைப் பின்தொடர்ந்து ரவுண்ட்ஸில் பிரசண்ட் செய்யலாமா என்று கேட்டேன், சரி என்றார். இரண்டாம் வாரம் இதயச் செயலிழப்போடு ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், அந்த ஆண்டில் மூன்றாம் முறையாக அனுமதி. கால் வீக்கம், மூச்சுத்திணறல், நுரையீரலில் நீர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று முந்தைய கோப்புகளில் எழுதியிருந்தது. குழு அடுத்த அறைக்குப் போன பிறகு, அனுமதி பெற்று அவரோடு உட்கார்ந்தேன். அப்சர்வரிடம் வேறு என்ன இருக்கிறது, நேரம்தான் இருக்கிறது. பார்சல் வேன் ஓட்டுபவர் அவர். உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் ஃபியூரோசமைட் மாத்திரையைக் காலையில் சாப்பிட்டால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். வழியில் நிறுத்த இடமில்லை. அதனால் வேலை நாட்களில் அந்த மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார். மற்ற மாத்திரைகளையெல்லாம் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை, யாரும் அவரைக் கேட்டதுமில்லை. மூன்று மணிக்கு வேலை முடிகிறது என்றார். வீட்டுக்கு வந்தவுடன் சாப்பிட்டால் படுக்கும் நேரத்துக்குள் வேகம் அடங்கிவிடுமே என்று ரெசிடென்டிடம் சொன்னேன். அவர் மறுநாள் ரவுண்ட்ஸில் என் பெயரைச் சொல்லி அதை எடுத்துரைத்தார். மாத்திரை நேரம் மாற்றப்பட்டது.

இதைச் சொல்வது என் பெருமைக்காக இல்லை. நம் ஊர் வார்டில் அறுபது பேரைப் பார்த்துப் பழகிய எந்த சி.ஆர்.ஆர்.ஐ.யும் இதைச் செய்திருப்பார். கடிதம் எதனால் ஆகிறது என்பதைச் சொல்லவே இதை எடுத்தேன்.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில், கடிதம் பற்றிப் பேச்செடுக்காமல், எதில் முன்னேற வேண்டும் என்று அந்த மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எல்லாவற்றையும் சொல்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. நோயறிதல் பற்றிய உங்கள் கருத்தை முதலில் வைத்துவிட்டு, அதற்கான காரணங்களைப் பிறகு சொல்லுங்கள்" என்றார். தவறாகிவிட்டால் என்ற பயத்தோடு மறுநாளிலிருந்து அப்படியே செய்தேன். இரண்டு முறை தவறாகவும் ஆனது. இரண்டு முறையும் அவர் ஏன் என்று விளக்கினார். அந்த வார இறுதியில் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தரும்படி கேட்டு, அவர் அறையில் இப்படிச் சொன்னேன்: "இந்த இலையுதிர் பருவத்தில் உள்மருத்துவ ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறேன். நீங்கள் பார்த்த என் வேலையை வைத்து, எனக்குப் பலமான கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா? போதுமான அளவு பார்க்கவில்லை என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். அது தெரிவதும் எனக்கு உதவிதான்."

"பலமான" என்ற அந்தச் சொல்லைச் சேர்க்க நமக்கு நாக்கு எழாது. கேட்பதே அதிகம், அதிலும் நல்லதாக வேண்டும் என்று கேட்பதா என்று தோன்றும். ஆனால் அந்தச் சொல்தான் மேற்பார்வையாளருக்கு விலகிக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. "எழுத முடியுமா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்று சொல்வது முரட்டுத்தனம். "பலமாக எழுத முடியுமா" என்று கேட்டால், வேறு ஒருவர் உங்களுக்கு இன்னும் நன்றாக எழுதுவார் என்று கண்ணியமாகச் சொல்லிவிடலாம். அவர் ஒரு கணம் யோசித்தார். அந்தக் கணம் எனக்கு நீளமாக இருந்தது. முடியும் என்றார். உடனே, மற்ற கடிதங்களை யார் யார் எழுதுகிறார்கள், அவர்கள் சொல்ல முடியாத எதை நான் சொல்ல வேண்டும் என்று கேட்டார். நான்கு கடிதங்களும் ஒன்றையே சொன்னால் மூன்று வீண் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அவருக்குக் கொடுத்தவை கொஞ்சம்தான். தன்விவரக் குறிப்பு, விண்ணப்பக் கட்டுரையின் வரைவு, ஈராஸ் படிவம், அவரோடு சேர்ந்து பார்த்த ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு பக்கம். நோயாளியின் பெயரோ மருத்துவமனை எண்ணோ அதில் இல்லை. வயதும் நோயும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: நான் என்ன நினைத்தேன், எங்கே தவறினேன், என்ன நடந்தது. இதற்கும் நானே வரைவு எழுதிக் கொடுப்பதற்கும் என்ன வேறுபாடு என்று பின்னாளில் ஒருவர் கேட்டார். வேறுபாடு பெரியது. நடந்ததை நினைவூட்டுவது என் வேலை, அதை மதிப்பிடுவது அவர் வேலை. அந்தத் தாளில் ஒரு பெயரடைகூட எழுதவில்லை.

அங்கே பயிற்சியாண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குகிறது. புதிய இன்டர்ன்கள் வந்து சேரும் அந்த மாதத்தில் மேற்பார்வையாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எங்கள் ஆண்டில் திட்டங்கள் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கும் நாள் செப்டம்பர் 15. இப்போது செப்டம்பர் கடைசி வாரம் ஆகியிருக்கிறது. ஆகஸ்ட் 31க்குள் கிடைத்தால் நல்லது என்று தேதியோடு சொல்லியிருந்தேன். நினைவூட்டுவதற்கும் நமக்குக் கூச்சம். ஆகஸ்ட் நடுவில் ஒரே ஒரு மின்னஞ்சல், நான்கு வரி: எந்தக் கடிதம், எந்தத் தேதி, படிவம் மறுபடியும் இணைப்பில், ஸ்டெப் 2 முடிவு வந்துவிட்டது என்ற செய்தி. மன்னிப்புக் கேட்கவில்லை. செப்டம்பர் 3ஆம் தேதி ஈராஸ் திரையில் அந்தக் கடிதம் ஏற்றப்பட்டதாகக் காட்டியது.

கடிதங்களைப் படிக்கும் பக்கத்துக்கு வந்த பிறகு புரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதங்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. "தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்" என்பதும் "பரிந்துரைக்கிறேன்" என்பதும் ஒன்றல்ல. "பழகுவதற்கு இனியவர்" என்பது தனியாக நின்றால் அது பாராட்டு ஆகாது. எத்தனை வாரம், எந்த இடத்தில் பார்த்தேன் என்று தொடங்காத கடிதத்தின் மேல் நம்பிக்கை குறையும். என்னோடு பணியாற்றியவர்களில் இவர் எங்கே நிற்கிறார் என்ற ஒப்பீட்டைக் கண் தேடும். அவசர மருத்துவத் துறையில் இந்த ஒப்பீட்டுக்காகவே 1990களில் தனிப் படிவம் கொண்டுவந்துவிட்டார்கள். நோயாளிப் பராமரிப்பு, மருத்துவ அறிவு, தொடர்பாடல், தொழில் ஒழுக்கம், தன் பணியிலிருந்து கற்றல், மருத்துவ அமைப்புக்குள் இயங்கும் திறன் என்று ரெசிடென்சிக்கு வகுக்கப்பட்ட ஆறு தகுதிகளும் படிப்பவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெண்களுக்கு இன்னும் ஒன்று. ஃபிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு பெரிய அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் பணிகளுக்காக எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியாகக் குறுகியவையாக இருந்தன. ஐயத்தை எழுப்பும் சொற்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன. பெண்களின் உழைப்பையும், ஆண்களின் ஆய்வையும் திறமையையும் கடிதங்கள் அழுத்திச் சொன்னன. அதை வாசித்தபோது, ஊரில் என்னைப் பற்றி நானே எழுதிய அந்த முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. கடின உழைப்பாளி என்பதுதான் அதன் முதல் வரி. சிந்திக்கத் தெரிந்தவள் என்று எழுத எனக்கே தோன்றவில்லை.

அக்டோபர் இறுதியில் ஒரு நேர்காணலில், எதிரில் இருந்த மருத்துவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "அந்த வேன் ஓட்டுநருக்கு மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். எனக்கு ஒரு நொடி குரல் எழவில்லை. நான் பார்த்திராத அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் ஒரு துளி தெரிந்தது. அன்று பேசியதில் பாதி நேரம் அந்த ஒரு நோயாளியைப் பற்றியும், மருந்து சாப்பிடாதவர் என்று கோப்பில் எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்பதைப் பற்றியும்தான். 2019 மார்ச் 15ஆம் தேதி, அந்த மருத்துவமனையில்தான் எனக்கு இடம் கிடைத்தது.

இப்போது நான் மறுபக்கத்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒருவருக்கு மறுக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் வந்தவர். கெட்டிக்காரர் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதற்குச் சான்றாக என்னிடம் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை. என்னிடம் மறுத்தவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தமிழில் சொன்னேன். "பரவாயில்ல மேடம்" என்று சொல்லும்போது அவர் முகம் மாறியது. நம் மொழி பேசும் ஒருவரே இப்படிச் சொல்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். மறுநாளிலிருந்து இன்னும் இரண்டு வாரம் இருக்க ஏற்பாடு செய்து, தினமும் கேஸ் பிரசண்ட் செய்ய வைத்தேன். அதற்குப் பிறகு எழுதினேன்.

போன மாதம் வந்த பெண் கடைசி வாரத்தில், "மேடம், டிராஃப்ட் நானே அனுப்பிடட்டுமா, உங்களுக்கு நேரம் மிச்சமாகும்" என்று கேட்டாள். "வேண்டாம்மா. நாம சேர்ந்து பார்த்த கேஸ்ல ஆறு எழுதி அனுப்பு. அதுல ஒண்ணாவது நீ தப்புப் பண்ணினதா இருக்கட்டும்" என்றேன். ஐந்து நாள் கழித்து ஒரு பக்கம் வந்தது. நான்காவது கேஸில், ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவை முந்தைய நாள் முடிவிலிருந்து ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டதையும், நான் திருத்தியதையும், அதற்கடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்குப் பக்கத்திலும் ரத்தம் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்ததையும் எழுதியிருந்தாள். திருத்தியது எனக்கு மறந்துவிட்டது. ஆனால் அவள் கையிலிருந்த தாளில் எண்களுக்கு அருகே சிறிய எழுத்தில் மணி குறித்திருந்தது நினைவிருக்கிறது. ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. கடிதத்தை அந்தத் தாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.